கூட்டுறவுக்கு வழி கண்ட நிக்கல்சன்

வறண்ட நிலமும் வட்டிக் கடனும்

கிழக்கே சிறுமலையும் மேற்கே கொடைக்கானல் மலைத்தொடரும் காவல் நிற்க, இடையே பரந்து கிடப்பது திண்டுக்கல் சமவெளி. நகரை ஒட்டி நிற்கும் பாறைக்கோட்டையின் உச்சியில் ஏறி நோக்குவார்க்கு, செம்மண் நிலமும் ஆங்காங்குக் கிணறுகளும் பனைகளும் கண்ணுக்கெட்டும் தொலைவு வரை தோன்றும். குடகனாறு இந்நிலத்தின் ஊடே ஓடுகிறது. எனினும் அஃது ஆண்டு முழுவதும் நீர் தருவதன்று. ஆகவே, இங்கு வாழும் உழவர் பண்டுதொட்டு வானத்தையும் கிணற்றையும் நம்பியே சோளமும் கம்பும் புகையிலையும் பயிரிட்டு வந்தனர்.

கிணற்றை நம்பிய உழவுக்கு முதல் வேண்டும். கிணறு வெட்டவும், வெட்டிய கிணற்றை ஆழமாக்கவும், கவலை இறைக்க மாடு வாங்கவும் பணம் வேண்டும். மழை பொய்த்த ஆண்டிலோ, உண்ணவும் விதைக்கவுங்கூடக் கடன் வாங்க நேரிடும். ஆங்கிலேயர் ஆட்சியில் நிலத்தீர்வையையும் பணமாகவே செலுத்த வேண்டியிருந்தது. கிஸ்தித் தவணை தவறாது வந்தது. மழையோ அடிக்கடி தவறியது. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்ட உழவர் வட்டிக்குப் பணம் கொடுப்பாரை நாடினர்.

ஓர் உழவர் நூறு ரூபாயை மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கினார் என்று கொள்வோம். ஆண்டு இறுதியில் வட்டியைச் செலுத்த இயலாமல், அதனையும் அசலோடு சேர்த்துப் புதுப் பத்திரம் எழுதிக் கொடுப்பாராயின், மூன்றே ஆண்டுகளில் அக்கடன் நூற்றுத் தொண்ணூறு ரூபாய்க்கு மேல் வளர்ந்துவிடும். பின்னர் நிலம் அடமானமாகும், அதன்பின் கைமாறும். நிலத்துக்கு உரியவராய் இருந்தவர் அந்நிலத்திலேயே கூலிக்கு உழுவார். திண்டுக்கல்லில் மட்டுமன்றி, அந்நாளைய சென்னை மாகாணம் முழுவதும் இத்துயரம் பரவியிருந்தது. இதற்கு மாற்று யாது என்று பல்லாண்டு ஆராய்ந்து, இந்தியாவில் கூட்டுறவுக் கடன் இயக்கம் தோன்றுவதற்கு அடிகோலியவர் சர் பிரெடரிக் நிக்கல்சன் ஆவார்.

இளமையும் அரசுப் பணியும்

பிரெடரிக் அகஸ்டஸ் நிக்கல்சன் 1846ஆம் ஆண்டில் பிறந்த ஆங்கிலேயர். ஆக்ஸ்போர்டில் கல்வி பயின்ற அவர், 1869ஆம் ஆண்டில் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்தார். வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே தென்னாட்டைப் பெரும் பஞ்சம் சூழ்ந்தது. 1876 முதல் 1878 வரை நிலவிய அப்பஞ்சத்தில் மக்கள் பல இலட்சம் பேர் மாண்டனர். ஒரு பருவம் மழை பொய்த்தாலே உழவர் குடும்பம் நிலைகுலைவதையும், சேமிப்பு என்பது சிறிதும் இல்லாமையால் கடனுக்கு மேல் கடன் ஏறுவதையும் அக்கால அலுவலர் கண்கூடாகக் கண்டனர்.

நிக்கல்சன் அலுவலகத்தில் அமர்ந்து ஆணையிடுவதோடு மனநிறைவு கொள்பவர் அல்லர். நிலத்தையும் நீரையும் மக்களின் தொழிலையும் நுணுகி ஆராயும் இயல்பினர். கோயம்புத்தூர் மாவட்டத்தைப் பற்றி அவர் எழுதிய விரிவான நூல் 1887ஆம் ஆண்டில் வெளிவந்தது. கரூரும் தாராபுரமும் அந்நாளில் அம்மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. அவற்றை அடுத்து, மதுரை மாவட்டத்தின் பகுதிகளாய் இருந்தவை திண்டுக்கல்லும் பழனியும். எல்லைக் கோடு மாவட்டங்களைப் பிரித்ததே அன்றி நிலத்தின் இயல்பைப் பிரிக்கவில்லை. செம்மண்ணும் கிணற்றுப் பாசனமும் மழைக்கு ஏங்கும் உழவும் இருபாலும் ஒன்றே.

உழவர்க்குக் கடன் உதவி வேண்டும் என்பதை அரசினர் அறியாமல் இல்லை. 1883ஆம் ஆண்டில் நிலச் சீர்திருத்தக் கடன் சட்டமும், 1884ஆம் ஆண்டில் உழவர் கடன் சட்டமும் இயற்றப்பட்டன. தக்காவி என வழங்கிய இக்கடனைப் பெறுவது எளிதாய் இல்லை. மனு எழுதுதல், விசாரணை, அலுவலர் பலரின் ஒப்பம் எனப் பல படிகளைக் கடந்து பணம் கைக்கு வருவதற்குள் விதைப்புக் காலம் கடந்துவிடும். கெடு வந்ததும் அதனைத் திருப்பிச் செலுத்துவதிலும் விட்டுக்கொடுப்பு இராது. ஆகவே, உழவர் மீண்டும் பழைய வாயிலையே நாடினர்.

ஐரோப்பாவில் ஆராய்ச்சி

1892ஆம் ஆண்டில் சென்னை அரசாங்கம் நிக்கல்சனிடம் ஒரு பெரும் பணியை ஒப்படைத்தது. உழவர்க்கு உதவும் நில வங்கிகளையும் விவசாய வங்கிகளையும் இம்மாகாணத்தில் எவ்வாறு ஏற்படுத்தலாம் என்று ஆராய்ந்து கூறுவதே அப்பணி. அவர் ஐரோப்பிய நாடுகளில் நடைபெற்றுவந்த கடன் நிலையங்களின் வரலாற்றையும் விதிகளையும் ஆராய்ந்தார். அவரது அறிக்கையின் முதற் பகுதி 1895ஆம் ஆண்டிலும், இரண்டாம் பகுதி 1897ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. சென்னை மாகாணத்து நாட்டுப்புற மக்களின் கடன் சுமை ஏறத்தாழ 45 கோடி ரூபாய் என்று அவர் கணக்கிட்டார். அந்நாளில் ஒரு ரூபாய்க்கு இருந்த மதிப்பை எண்ணிப் பார்ப்பார்க்கு இச்சுமையின் பெருமை விளங்கும்.

வட்டிக்குக் கடன் கொடுப்பாரைப் பழித்துரைப்பதோடு அவர் நின்றுவிடவில்லை. உழவர் ஏன் அவரையே நாடுகின்றனர் என்று வினவி விடை கண்டார். வட்டிக்காரர் அதே ஊரில், கூப்பிடு தொலைவில் இருக்கிறார். கடன் கேட்பவரின் குணம், குடும்பம், நிலம், விளைச்சல் ஆகிய அனைத்தையும் அறிந்திருக்கிறார். இரவில் சென்று கேட்டாலும் பணம் தருகிறார். தொலைவில் உள்ள நகரத்தில் மாளிகை எழுப்பி அமரும் பெரிய வங்கிக்கு இவ்வறிவு வாய்க்காது. பத்து ரூபாய்க் கடனுக்கு விசாரணை செய்யவே அதற்குப் பத்து ரூபாய் செலவாகும். எனவே, வட்டிக்காரரிடம் உள்ள அண்மையும் விரைவும் அறிவும், அவரிடம் இல்லாத நேர்மையான வட்டியும் ஒருங்கே அமைந்த நிலையம் வேண்டும் என்று நிக்கல்சன் தெளிந்தார்.

மற்றோர் உண்மையையும் அவர் உணர்ந்தார். எளிதிற் கிடைக்கும் பணம் எல்லார்க்கும் நன்மை செய்வதில்லை. திருமணத்துக்கும் விருந்துக்கும் வழக்குக்கும் வாரி இறைக்கப் பணம் தரும் வங்கி, உழவரை ஒரு குழியிலிருந்து தூக்கி வேறொரு குழியில் தள்ளுவதாகும். கடன் கொடுக்கும் நிலையம் சிக்கனத்தையும் சேமிப்பையும் கற்பிக்கும் பள்ளியாகவும் இருத்தல் வேண்டும். மக்கள் தம் சிறு பொருளைத் தாமே சேர்த்து, தாமே ஆண்டு, தமக்குள் தாமே உதவிக்கொண்டாலன்றி இது கைகூடாது.

இத்தகைய ஒற்றுமை இந்நாட்டுக்கு முற்றிலும் புதியதன்று. ஊர்தோறும் சீட்டு நடந்து வந்தது. நகரங்களில் நிதி என்னும் பெயரால், உறுப்பினர் மாதந்தோறும் பணம் செலுத்தித் தமக்குள் கடன் பெறும் நிலையங்கள் வளர்ந்திருந்தன. மயிலாப்பூரில் 1872ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற இந்து சாசுவத நிதி அவற்றுள் புகழ்பெற்றது. நிக்கல்சன் இந்நிதிகளையும் ஊன்றி ஆராய்ந்தார். ஆனால், அவற்றின் பயன் நகரத்தாரோடு நின்றுவிட்டது. கிராமத்து ஏழை உழவரை அஃது எட்டவில்லை.

ரைபைசன் காட்டிய நெறி

நிக்கல்சனின் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தவர் ஜெர்மானியராகிய ரைபைசன். 1818ஆம் ஆண்டில் பிறந்த அவர், சிற்றூர்களின் தலைவராய்ப் பணியாற்றியவர். 1846-47ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பஞ்சம் வந்தபோது, செல்வரிடம் பணம் திரட்டி மாவு வாங்கி, ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் செய்தார். பிறர் தரும் கொடை பசியைத் தணிக்குமே அன்றி வறுமையை நீக்காது என்பதைப் பின்னர் அவர் கண்டார். ஆகவே, உழவர் தாமே ஒன்றுசேர்ந்து நடத்தும் கடன் சங்கங்களை அமைத்தார். கண்பார்வை குன்றிய நிலையிலும் 1888ஆம் ஆண்டில் மறையும்வரை அப்பணியைக் கைவிடவில்லை.

ரைபைசன் சங்கத்தின் விதிகள் சிலவே. சங்கம் ஓர் ஊர் அளவில் நிற்கும். அப்போதுதான் உறுப்பினர் ஒருவரை ஒருவர் அறிவர். நடத்துவோர் ஊதியம் பெறார். கடன் உறுப்பினர்க்கே, அதுவும் பயன் தரும் செயலுக்கே வழங்கப்படும். கிடைக்கும் ஆதாயம் பங்கிட்டுக் கொள்ளப்படாமல் பொது நிதியாய் வளரும். இவை எல்லாவற்றிலும் சிறந்த விதி வரையறையற்ற பொறுப்பு என்பது. சங்கம் பட்ட கடனுக்கு உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் உடைமை முழுவதையும் ஈடாக்குவர் என்பது இதன் பொருள்.

இவ்விதி அச்சம் தருவதாய்த் தோன்றலாம். அதன் வலிமையை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். திண்டுக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்றில் ஓர் உழவர் கிணற்றை ஆழமாக்கக் கடன் கேட்கிறார். சங்கத்துப் பஞ்சாயத்தார் அனைவரும் அவர் ஊராரே. அவர் உழைப்பாளரா, சூதாடுபவரா என்பதும், அக்கிணற்றில் ஊற்று உண்டா, பாறையா என்பதும் அவர்க்குத் தெரியும். அவர் பணத்தை வேறு வழியில் செலவிட்டால் இழப்பு ஊரார் அனைவரையும் சாரும். ஆகவே, வெட்டும் பணி நடக்கிறதா என்று அயலார் ஒவ்வொருவரும் பார்த்துவருவர். விளைச்சல் வந்ததும் கடனைத் திருப்பிச் செலுத்துமாறு நினைவூட்டுவர். இவ்வாறு நிலமும் நகையும் இல்லாத ஏழைக்கும் அவருடைய நல்லொழுக்கமே ஈடாகிறது. தனியே கேட்டால் எவரும் கடன் தர முன்வாராத இருபது பேர், ஒன்றாய்ச் சேர்ந்தவுடன் நம்பிக்கைக்கு உரியவர் ஆகின்றனர். இதுவே கூட்டுறவின் மறைபொருள்.

எனினும், விதிகளை மட்டும் கப்பலேற்றிக் கொண்டுவந்தால் போதாது என்பதையும் நிக்கல்சன் அறிந்திருந்தார். தன்னலம் கருதாமல் ஊர் ஊராய்ச் சென்று, மக்களை ஒன்றுசேர்த்து, பொறுமையோடு பயிற்றும் ஒருவர் இல்லையேல் சங்கம் தழைக்காது. இந்தியாவுக்கு ஏற்ற ஒரு ரைபைசனைத் தேடிக் கண்டுகொள்ள வேண்டும் என்பதே அவரது நெடிய ஆராய்ச்சியின் முடிவாய் அமைந்தது.

சட்டமும் சங்கங்களும்

அறிக்கை வந்தவுடன் செயல் பிறந்துவிடவில்லை. நிக்கல்சன் சோர்வடையவும் இல்லை. 1901ஆம் ஆண்டில் அமைந்த பஞ்ச ஆராய்ச்சிக் குழுவில் அவரும் ஓர் உறுப்பினர். அக்குழு உழவர்க்குக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் தேவை என்று எடுத்துரைத்தது. அதே ஆண்டில் சர் எட்வர்டு லா தலைமையில் கூடிய குழுவிலும் அவர் இடம்பெற்றுச் சட்டத்தின் வடிவத்தை வகுக்கத் துணைநின்றார். இதன் பயனாக, கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிறைவேறியது. ஓர் ஊரினர் பத்துப் பேர் சேர்ந்தால் சங்கம் அமைக்கலாம் என்றும், நாட்டுப்புறச் சங்கங்களுக்கு வரையறையற்ற பொறுப்பு உண்டு என்றும் அது விதித்தது. சங்கங்களைப் பதிவு செய்து, கணக்குகளைத் தணிக்கை செய்யப் பதிவாளர் என்னும் அலுவலர் அமர்த்தப்பட்டார். சென்னை மாகாணத்தின் முதற் பதிவாளர் பி. இராசகோபாலாச்சாரி ஆவார்.

அவ்வாண்டிலேயே அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த திரூரில் உழவர் கடன் சங்கமும், காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவு வங்கியும், சென்னைத் திருவல்லிக்கேணியில் கூட்டுறவுப் பண்டகசாலையும் தோன்றின. 1905ஆம் ஆண்டில், வி. கிருஷ்ணசாமி ஐயரின் முயற்சியால் சென்னையில் மத்திய நகர வங்கி பிறந்தது. ஊர்ச் சங்கங்களுக்கு முதல் தந்து உதவிய அவ்வங்கியே பிற்காலத்தில் தமிழ்நாடு மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கியாய் வளர்ந்தது. 1912ஆம் ஆண்டில் வந்த புதிய சட்டம், கடன் அல்லாத பிற தொழில்களுக்கும் சங்கங்கள் அமைக்க வழி திறந்தது. நெசவாளரும் பிற கைத்தொழிலாளரும் கூட்டுறவில் சேர இதனால் இயன்றது.

கடலோரப் பணி

நிக்கல்சனுக்கு 1903ஆம் ஆண்டில் சர் பட்டம் கிடைத்தது. அடுத்த ஆண்டில் அவர் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது அவர்க்கு வயது ஐம்பத்தெட்டு. தாய்நாடு சென்று இளைப்பாறியிருக்கலாம். அவரோ ஊதியம் பெறாமல் மீன்வளத் துறையின் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். சப்பான் நாட்டுக்குச் சென்று, அந்நாட்டார் மீன் பிடிக்கும் முறையையும் பதப்படுத்தும் முறையையும் கண்டு எழுதினார். மேலைக் கடற்கரையில் தானூர் முதலிய இடங்களில் மத்தி மீனிலிருந்து தூய எண்ணெயும் உரமும் எடுக்கும் முறைகள் அவர் காலத்தில் ஆராயப்பட்டன. உழவரைப் போலவே மீனவரும் கடனில் ஆழ்ந்திருந்தனர். வலையும் படகும் கடன் கொடுத்தார்க்கே கட்டுப்பட்டிருந்தன. அவர்க்கும் கல்வியும் சிக்கனமும் கூட்டுறவும் வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். ஏட்டில் பிறர்க்கு உரைத்த தன்னலமற்ற தொண்டினைத் தாமே செய்துகாட்டிய பெருமை அவர்க்கு உண்டு. 1918ஆம் ஆண்டு வரை இப்பணி தொடர்ந்தது. ஓய்வுக் காலத்தில் நீலகிரியில் குன்னூரில் வாழ்ந்த நிக்கல்சன் 1936ஆம் ஆண்டில் இயற்கை எய்தினார்.

விதைத்ததும் விளைந்ததும்

அவர் நட்ட செடி தங்குதடையின்றி வளர்ந்தது என்று சொல்வதற்கில்லை. சங்கங்களின் எண்ணிக்கை பெருகிய அளவுக்கு உறுப்பினரின் தெளிவு பெருகவில்லை. பல ஊர்களில் சங்கம் தம்முடையது என்ற எண்ணம் மக்களிடம் வேரூன்றவில்லை. அரசாங்கத்தின் பணம் என்றே அதனைக் கருதினர். தவணைகள் தவறின. 1915ஆம் ஆண்டில் அறிக்கை தந்த மக்லகன் குழு இக்குறைகளை எடுத்துக்காட்டியது. 1951-52ஆம் ஆண்டில் இந்திய உழவர் வாங்கிய கடன் பற்றி நாடளாவிய ஆய்வு ஒன்று நடந்தது. நூறு ரூபாய்க் கடனில் ஏறத்தாழ மூன்று ரூபாயே கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கிடைத்தது என்று அதனால் தெரிய வந்தது. அரை நூற்றாண்டு உழைப்புக்குப் பின்னரும் நிலை இதுவே. சட்டம் சங்கத்தை அமைக்கலாம். அதற்கு உயிர் ஊட்டுவோர் உறுப்பினரே என்ற நிக்கல்சனின் எச்சரிக்கை எத்துணை உண்மையானது என்பது இதனால் விளங்கும். இந்தியா விடுதலை பெற்ற பின்னர் அரசும் மக்களும் மீண்டும் முயன்றமையால் கூட்டுறவு சிற்றூர்தோறும் பரவியது.

1985ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான திண்டுக்கல்லில், உழவர்க்குக் கடன் வழங்கும் ஊர்ச் சங்கங்களும் அவற்றுக்குத் துணைநிற்கும் மத்தியக் கூட்டுறவு வங்கியும் உள்ளன. சின்னாளப்பட்டியில் தறி நெய்வோர்க்குக் கூட்டுறவு துணையாயிற்று. பெயர்பெற்ற திண்டுக்கல் பூட்டைச் செய்யும் தொழிலாளரும் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். தனித்த தொழிலாளர் இரும்புக்கும் பித்தளைக்கும் வணிகரிடம் முன்பணம் வாங்கி, செய்த பூட்டை அவர் சொன்ன விலைக்கே கொடுக்க நேரிடும். சங்கமாய்ச் சேர்ந்தால் மூலப்பொருளையும் விற்பனையையும் தாமே மேற்கொள்ளலாம். எந்திரப் பூட்டுகளின் போட்டியால் இக்கைத்தொழில் தேய்ந்தபோதும், 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்காக விண்ணப்பித்தது அத்தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கமே.

தஞ்சாவூரில் உள்ள நகரக் கூட்டுறவு வங்கி ஒன்று நிக்கல்சனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆயினும் அவரது உண்மையான நினைவுச் சின்னம் கட்டடம் அன்று. சிற்றூர்ச் சங்கத்தின் கணக்கேட்டில், வாங்கிய கடனைக் குறித்த நாளில் செலுத்திய எளிய உழவர் ஒருவரின் பெயருக்கு எதிரே எழுதப்படும் வரவே அச்சின்னம். அவ்வரவால் அவர் நிலம் அவரிடமே நிற்கிறது. அதே பணம் அடுத்த நாள் அயலாரின் கிணற்றுக்குச் செல்கிறது. சிறு துளிகளைப் பெருவெள்ளமாக்கும் இவ்வழியை ஆராய்ந்து காட்டிய நிக்கல்சனைத் தமிழகம் நன்றியுடன் போற்றும்.